பணம் சேரும் தேதி

ஈப்போவை அடுத்த லகாட்டில் அந்தக் கச்சாங் கம்பெனிக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் தொண்டைதான் கரிக்கும். உப்புத் தண்ணீரில் அவித்த நிலக்கடலை அடுப்பறையில் காய்ந்து வறுபட்டு நீளத் தகரத் தட்டுகளில் வந்து விழும். விழும்போது எழுகிற தூசியிலும் உப்பு இருக்கும். தட்டுகளின் இருபுறமும் பெண்கள் உட்கார்ந்து சொத்தை, கருகல், ஒற்றைப் பருப்பு என்று பிரித்துத் தள்ளுவார்கள். மழைக்காலத்தில் அடுப்பறைக்குக் கூடுதல் விறகு போடுவதால் கொட்டகை முழுக்க வேக்காடு. வெளியே ஊற்றும், உள்ளே வேர்க்கும். விரல் நுனி வெடித்தவளுக்கு வேர்வையும் உப்பும் சேர்ந்து உயிர் போகும்.

கலாதேவிக்கு விரல் வெடித்துத்தான் இருந்தது. தேநீர் வேளைக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது கைப்பேசியில் சன்னாசியின் அழைப்பு. வேலை நேரத்தில், பள்ளிக்கூடக் கேட்டிலிருந்து கூப்பிடுகிற பழக்கம் அவள் புருஷனுக்குக் கிடையாது.

“கலா, ஒன்னோட கார்டுக்காரன் ஸ்கூலுக்குப் போன் அடிச்சிட்டான் லா.”

“எந்தக் கார்டு?”

“எத்தன கார்டு வச்சிருக்க? ஐஸ் பெட்டி வாங்குன கார்டுதான். ஆப்பிஸ்ல கிராணியம்மா எடுத்துப் பேசியிருக்கு. எம்பேரச் சொல்லி, அவரு பொண்டாட்டி கடன் கட்டல, ஆளு இருக்காரான்னு கேட்டிருக்கான். டீச்சருங்கல்லாம் அங்கதான் நின்னாங்க.”

“நான்தான் மாசாமாசம் கட்றேனே! போன வாரங்கூடக் கட்டினேன்.”

“அதத்தான் நானும் சொன்னேன். லேட்டுங்கிறான். நாலஞ்சு மாசமாவே லேட்டாம். சார்ஜு ஏத்தி, வட்டியும் ஏத்தியாச்சாம்.”

கலாதேவி தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுத் தட்டுக்குப் போனாள்.

சன்னாசி முன்பு சிம்பாங் பூலாய் கல்லுமலையில் லாரிக்காரனுக்குத் துணையாளாக, கெலிண்டானாக இருந்தவன். முதுகு கெட்டுப்போய் அந்த வேலை நின்ற பிறகு பள்ளிக்கூடக் கேட்டில் ஜாகாவாக, காவலாளியாக உட்கார்ந்தான். சம்பளம் பாதியாகக் குறைந்தது. ஒரே மகளைப் பாரிட் புந்தாரில் கட்டிக்கொடுத்த கடன் வேறு இருந்தது. கலாதேவி கறிபாப் போட்டு விற்கலாம் என்று நினைத்தாள். உருளைக்கிழங்கும் நெத்திலியும் வைத்து அவள் மடிக்கிற கறிபாப்பைப் பள்ளி கேண்டீன்காரி பச்சையாகவே, உறைய வைத்துத் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அதற்குத்தான் பெரிய ஐஸ் பெட்டி. வழிகாட்டியவள் புனிதா.

புனிதா சன்னாசியின் தங்கை மங்களத்தின் மகள். ஈப்போவில் பெரிய மின்சாமான் கடை ஒன்றில் வேலை. “அத்தை, கைக்காசு குடுக்க வேணாம். கடை கார்டு போட்டுத் தர்றேன். வட்டி கம்மி. ஆறாந்தேதிக்குள்ள கட்டிடணும், அது மட்டும் மறந்துடாதீங்க” என்று சொல்லிச் சொல்லித்தான் கார்டு போட்டுக் கொடுத்தாள். கலாதேவியும் மறக்கவில்லை. சம்பளம் வாங்கிய மறுநாளே பஸ் ஏறி ஈப்போவுக்குப் போவாள். கடைக் கவுண்ட்டரில் புனிதாவிடமே பணத்தைக் கொடுத்து ரிசிட் வாங்கிக்கொண்டு, கையோடு பாசார் சந்தையில் கிழங்கும் மாவும் வாங்கி வருவாள்.

அந்தச் சனிக்கிழமை ரிசிட்டுகளை ரப்பர் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு இருவருமாகக் கடைக்குப் போனார்கள். புனிதா கணினியைத் தட்டிப் பார்த்தாள்; பார்த்ததையே மறுபடி தட்டினாள்.

“என்னா புனிதா?”

“அத்தை, நீங்க கட்டுனதெல்லாம் இருக்கு. ஒண்ணுகூட விட்டுப்போகல. ஆனா இந்த வருஷம் கடைக்காரங்க கார்டையெல்லாம் கோலாலம்பூர்ல ஒரு பைனான்ஸ் கம்பெனிக்கு மாத்தி விட்டுட்டாங்க. இங்க கட்ற காசு அங்க போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல ஆவுது. அவங்களுக்குச் சேர்ற தேதிதான் கட்டுன தேதி.”

“நான் மூணாந்தேதி கட்டினா?”

“அவங்களுக்குப் பத்து, பதினொண்ணு ஆயிடும். லேட்டு சார்ஜு விழும். அந்தச் சார்ஜு பாக்கியில சேரும். அடுத்தடுத்து லேட்டுன்னா பழைய வட்டிய எடுத்துட்டுப் பெரிய வட்டி போட்டுடுவாங்க.”

“இத யாரு எங்களுக்குச் சொன்னா?” சன்னாசியின் குரல் உயர்ந்தது. கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆப்ல சேதி அனுப்பினாங்களாம், மாமா. எனக்கே இப்பதான் புரியுது. நான் மேனேஜர்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன், கவுண்ட்டர்ல காசு வாங்கலாமா வேணாமான்னு. வாங்குன்னாரு.”

அவளே தன் கைப்பேசியில் பைனான்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்றது. பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்து மறுபடி ஒன்றை அழுத்து என்றது. கடைசியில் ஒரு மலாய்க்காரப் பெண் இனிமையாகப் பேசினாள். புகார் என்றால் ஈப்போ கிளைக்கு நேரில் போகச் சொன்னாள்.

கிளை ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. சன்னாசிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கலாதேவி அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். உள்ளே குளிர். கண்ணாடி அறையில் இருந்த அதிகாரியின் மேசைமேல் திருக்குமரன் என்று பெயர்ப்பலகை. நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. பேச்சைக் கேட்டதும் யாழ்ப்பாணத்து வழி வந்தவர் என்று தெரிந்தது. ரப்பர் தோட்டத்தில் அவளுடைய அப்பா காலத்தில் கணக்கெழுதிய பெரிய கிராணியின் வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள்.

“இருங்கோ அம்மா. ஐசியைத் தாங்கோ.”

அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு ரிசிட்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை.

“நீங்கள் கட்டினது உண்மைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இது கடையில கட்டின தேதி. எங்களுக்குச் சேர்ந்த தேதி வேற.”

“சேர்றதுக்கு நாளானா அது என் தப்பா ஐயா? நான் என்னா, காச எடுத்துக்கிட்டுக் கோலாலம்பூருக்கா ஓட முடியும்? கடக்காரன கேளுங்க.”

“கடைக்காரர் எங்கட வியாபாரப் பங்காளி அம்மா. அவையோட நாங்கள் சண்டை பிடிக்கேலாது.”

“அப்ப என்கூட மட்டும் சண்ட புடிப்பீங்க.”

திருக்குமரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு வழி இருக்கு. சார்ஜைத் தள்ளுபடி செய்யிறதுக்கு சிஸ்டத்தில ஒரு காரணம் குறிக்கவேணும். பணம் சேரப் பிந்தினது எண்டு ஒரு காரணமே அதில இல்லை. வித்த ஆள் சரியா விளக்கம் சொல்லேல்லை எண்டு ஒண்டு இருக்கு. அப்பிடி நீங்கள் கையெழுத்து வச்சுத் தந்தா லேட் சார்ஜ் முழுக்க எடுத்திடலாம். வட்டிக்கும் நான் எழுதிப் பாக்கிறன்.”

“வித்த ஆளுன்னா?”

“புனிதா எண்டு பேர் இருக்கு.”

பரப்பியிருந்த ரிசிட்டுகளைக் கலாதேவி ஒன்றாகக் கூட்டினாள். “அந்தப் பிள்ள சொல்லுச்சே ஐயா. ஆறாந்தேதிக்குள்ள கட்டணும்னு ஒவ்வொரு தடவயும் சொல்லும்.”

“நான் உங்களிட்ட உண்மை பொய் கேக்கேல்லை அம்மா. இருக்கிற வழியைச் சொல்றன்.”

“கையெழுத்துப் போட்டா அந்தப் பிள்ளைக்கு என்னா ஆவும்?”

“ஒரு ரெக்கோட் இருக்கும். அவ்வளவுதான்.” கணினியைப் பார்த்தபடி சொன்னார். “வீட்டில கதைச்சிட்டு வாங்கோ. அவசரமில்லை. ஆனா கனநாள் விட்டா வசூல் ஆக்கள் இன்னும் போன் எடுப்பினம். அது என்ர கையில இல்லை.”

கீழே இறங்கியபோது மழை பிடித்திருந்தது. கடை வரிசைக்கு முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடிப் பாதையில் ஒதுங்கி நின்றாள். புனிதா என் நாத்தனார் மகள் என்று அந்த ஆளிடம் ஏன் சொல்லவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சொல்லியிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்குமோ என்று மனத்துக்குள் ஒரு மூலையில் கணக்குப் போட்டிருந்தது அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் வேலை விட்டதும் லகாட்டிலேயே இருந்த மங்களம் வீட்டுக்கு நடந்தாள். புனிதாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவள் என்ன சொல்கிறாளோ அதன்படி செய்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். மங்களம் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். சர்க்கரைப் புண், கட்டுப் போட்டிருந்தது. புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவது புனிதாவின் சம்பளத்தில்தான்.

“வாங்க அண்ணி. மழையில நனைஞ்சா வந்தீங்க? புனிதா, அத்தைக்குத் துண்டு குடு. சாடின் பொரட்டியிருக்கு, சாப்பிட்டுப் போங்க.”

புனிதா துண்டு கொடுத்தாள். சோறு போட்டு, சாடின் மீனும் கங்கோங் கீரையும் வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து அத்தை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கார்டு ஆப்பிசுக்குப் போனீங்களா அத்தை? என்னா சொன்னாங்க?”

“பாக்குறோம்னு சொல்லியிருக்காங்க.”

“மனசு வச்சா செய்வாங்க. அங்க யாரு இருந்தா?”

“ஒரு ஐயா. நல்லாத்தான் பேசினாரு.”

மங்களம் குறுக்கே வந்தாள். “அண்ணி, நல்ல சேதி ஒண்ணு. இந்த வருஷம் இவள பெர்மனண்ட் ஆக்கிடுவாங்களாம். ஆசுபத்திரி செலவுக்கெல்லாம் கம்பெனி கார்டு கெடைக்கும். நேத்திக்கடன் வச்சிருக்கேன்.”

கலாதேவி புனிதாவைப் பார்த்தாள். அவள் தலை குனிந்து தரையில் விழுந்த பருக்கையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூச்சம் என்று கலாதேவி எடுத்துக்கொண்டாள். வாய்வரை வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினாள்.

“சந்தோஷம்மா” என்றாள். கை கழுவிவிட்டு, சிம்பாங் பூலாய்க்குத் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாள்.

அந்த வாரத்திலேயே வசூல்காரன் இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்குப் பேசினான். இரண்டாம் தடவை தலைமையாசிரியரிடமே பேசினான். ஜாகாக்களை வைத்திருக்கும் குத்தகைக்காரன் சன்னாசியைக் கூப்பிட்டு, இன்னொரு போன் வந்தால் ஆளை மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டான்.

சன்னாசி வீட்டுக்கு வந்தபோது கலாதேவி கறிபாப் மடித்துக்கொண்டிருந்தாள். சமையற்கட்டு ஜன்னலில் கல்லுமலைத் தூசி படிந்து கண்ணாடி வெள்ளையாக இருந்தது. அவன் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

“அந்தக் காயிதத்துல சைன் போட்டியா இல்லியா?”

“இல்ல.”

“ஏன்?”

“ஒங்க தங்கச்சி மவ அது. ஞாபகம் இருக்கா?”

“எனக்குத் தெரியாதா? தூக்கி வளத்தவன் நான். ஆனா ஒரு ரெக்கோட்டுதான்னு அந்த ஆளு சொன்னாருன்னு நீதான சொன்ன. வேலய எடுக்கவா போறாங்க?”

“எடுத்துட்டா?”

“சின்னப் பிள்ள, படிச்ச பிள்ள. வேற கட கெடைக்கும். எனக்கு இந்த முதுக வச்சிக்கிட்டு எவன் வேல குடுப்பான்? சொல்லு.”

“பொய்யில்ல அது? அவ சொல்லவே இல்லன்னுல்ல எழுதித் தரணும்.”

“கலா, நான் இருவது வருஷம் கல்லு லாரியில போனவன். அடிபட்ட அன்னிக்கு கம்பெனிக்காரன் என்னா எழுதுனான்? நான் சொன்ன பேச்சு கேக்காம ஏறுனேன்னு எழுதுனான். நானும் சைன் போட்டேன். போட்டாத்தான் ஆசுபத்திரிக் காசுன்னான். பொய்யா நெசமான்னு அப்ப யாரு பாத்தா?” அவன் குரல் உடைந்தது. “கிராணியம்மா இன்னிக்கு என்னப் பாத்து, அண்ணே, கடனெல்லாம் வாங்காதீங்கன்னு புத்தி சொல்லுது. என்னால தாங்க முடியல லா.”

மாவு காய்ந்துகொண்டிருந்தது. கலாதேவி மடிப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தி அழுத்தி மூடினாள்.

“ஒரு வார்த்த அந்தப் பிள்ளகிட்ட கேட்டுட்டுப் போடறேன்.”

“கேட்டா? அவ அழுவா. மங்களம் மாரடிப்பா. அப்பறம் நீயும் போட மாட்ட, நானும் போடுன்னு சொல்ல மாட்டேன். கேக்காதே.”

அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி அரைநாள் விடுப்பு எடுத்தாள். திருக்குமரன் தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவர் நன்றி சொன்னார். எதற்கு நன்றி என்று விளங்காமல் அவளும் நன்றி என்றாள்.

வசூல்காரனின் தொல்லை நின்றது. சன்னாசி இரவில் தூங்கினான். கேண்டீன்காரி கூடுதலாகக் கறிபாப் கேட்டாள். அடுத்த மாதம் கவுண்ட்டருக்குப் போகப் பயந்து, பணத்தைப் பக்கத்து வீட்டுப் பையனின் கைப்பேசி வழியாக அனுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய நேரத்தில் புனிதா வந்தாள். மோட்டரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வராமல் கதவோரம் நின்றாள். சன்னாசி எழுந்து, “வாம்மா, பசியாறிட்டியா?” என்றான். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“வேலய விட்டு நிப்பாட்டிட்டாங்க மாமா.”

சமையற்கட்டிலிருந்து கலாதேவி வந்து நின்றாள்.

“ஆப்பிஸ்ல கூப்பிட்டு உக்கார வச்சி ஒவ்வொரு காயிதமா காட்னாங்க. ஆறு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க. எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கு, பேரு மட்டும் வேற. கடைசியில அத்தையோடது.”

கலாதேவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“இருங்க அத்தை, நான் சொல்லிடுறேன். நீங்க அன்னிக்கு வீட்டுக்கு வந்தீங்களே, அதுக்கு முன்னாலயே எனக்கு வார்னிங் காயிதம் வந்துருச்சு. அஞ்சு பேரு அப்பவே போட்டுட்டாங்க. கடையும் பைனான்ஸும் பேசி வச்சிக்கிட்டு எங்க தலையில கட்டுறாங்கன்னு எங்களுக்கெல்லாம் தெரியும். எங்கூட இன்னும் ரெண்டு பேருக்கும் வேல போச்சி. அம்மாகிட்டதான் சொல்லல. பெர்மனண்ட்டு பெர்மனண்ட்டுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, எப்படிச் சொல்றது?”

“புனிதா, மாமாவுக்கு வேல போயிடும்னு…”

“கேட்டிருந்தா நானே போடச் சொல்லியிருப்பேன் அத்தை. எப்படியும் போவப்போற வேலதான். நம்மளுக்காவது சார்ஜு கழியட்டும்னு நானே கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்.” அவள் அழவில்லை. “என் கையால சோறு போட்டுக் குடுத்தேன். எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தேன். ஒரு வார்த்த கேக்கல நீங்க.”

சன்னாசி, “தப்பு என்னோடதும்மா. நான்தான் கேக்காதன்னேன்” என்றான்.

புனிதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். “அம்மாவுக்குக் கடையிலேருந்து யாரோ சொல்லிட்டாங்க மாமா. அண்ணன்னு ஒரு ஆளு இருந்தாருன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் வராதீங்க.”

மோட்டர் போகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது. அன்று அவர்கள் வீட்டில் யாரும் சமைக்கவில்லை.

மாதக் கணக்கு வந்தது. தாமதக் கட்டணங்கள் கழிந்திருந்தன. வட்டி ஏறினது ஏறினபடியே இருந்தது. கலாதேவி கிளைக்குப் போன் செய்தாள். திருக்குமரன் அடையாளம் கண்டுகொண்டார்.

“நான் எழுதிப் பாத்தனான் அம்மா. வட்டி எங்கட பகுதி இல்லை, மேலிடம். நீங்கள் கையெழுத்து வச்சது லேட் சார்ஜுக்குத்தான். இப்ப இருக்கிற வட்டிக்கு உடன்படுறன் எண்டும் அந்தத் தாளில ஒரு வரி இருக்கு.”

“அத நீங்க எனக்குச் சொல்லல.”

“நீங்கள் கேக்கேல்லை அம்மா.”

“அந்தப் பிள்ளைக்கு வேல போச்சி. அது எனக்கு நாத்தனா மவ.”

மறுமுனையில் கணினி தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு அவர், “எனக்குத் தெரியாது” என்றார். கலாதேவி போனை வைத்தாள்.

மழைக்காலம் போய் வறட்சி தொடங்கியது. கச்சாங் கம்பெனியில் பெருநாளுக்கு முந்திய சரக்குக்காக ஆள் எடுத்தார்கள். ஒரு காலையில் முதலாளி தவுக்கே புதிய பெண்கள் சிலரை அழைத்துவந்து தட்டுகளுக்குப் பிரித்துவிட்டார். அவர்களில் புனிதா இருந்தாள். தலையில் துண்டு கட்டி, மூக்கை மூடியிருந்தாள். காலியாக இருந்தது கலாதேவிக்கு எதிரிலிருந்த இடம்தான். அங்கேயே உட்கார்ந்தாள்.

கலாதேவிக்குக் கை ஓடவில்லை. முதல் நாளில் உப்பு எப்படிக் குத்தும் என்று அவளுக்குத் தெரியும். பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

“வேணாம் அக்கா” என்றாள் புனிதா. புட்டி நடுவில் அப்படியே நின்றது.

பக்கத்தில் இருந்த மாரியம்மா ஈப்போவிலிருந்து வருகிறவள். கலாதேவி வீட்டார் யாரையும் அறியாதவள். இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“என்னா தங்கச்சி, அக்காவுக்கு நீ சொந்தமா?”

புனிதா கருகல் கடலையைப் பிரித்துத் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

“இல்ல. அம்மா காலத்துல ஒரே தோட்டமாம்.”

மாரியம்மா கலாதேவியைப் பார்த்தாள். தட்டில் புதுச் சரக்கு கொட்டியது. தூசி எழுந்து தொண்டையை அடைத்தது. கலாதேவி இருமி முடித்து, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“ஆமா, ஒரே தோட்டம்தான்.”